ஃபோர் ட்வென்டி முதல் 3.2.1 வரை: பகுதி எண்களின் கதை

"அவன் ஒரு ஃபோர் ட்வென்டி" என்று சொன்னால் தமிழ்நாட்டில் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் ஏமாற்றுதலுக்கான பிரிவு 420. சட்டப் புத்தகத்தைக் கையால் தொட்டிராதவருக்கும் இந்த எண் தெரியும். ராஜ் கபூர் 1955இல் எடுத்த படத்தின் பெயரிலேயே இருக்கிறது. நம்ம 'அவ்வை சண்முகி' இந்திக்குப் போனபோது 'சாச்சி 420' ஆனது. ஊரில் பதற்றம் என்றால் "144 போட்டுட்டாங்க" என்கிறோம். அது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு எண்.

2024 ஜூலை 1 அன்று இந்த எண்கள் எல்லாம் ஒரே நாளில் மாறின. 420இல் இருந்த குற்றம் பாரதிய நியாய சன்ஹிதாவில் 318க்குள் போய்விட்டது. புதிய சட்டத்தில் 420 என்று ஒரு பிரிவே கிடையாது, 358ஓடு முடிந்துவிடுகிறது. கொலைக்கான 302 இப்போது 103. 302 என்ற பழைய வீட்டில் வேறொருவர் குடியேறிவிட்டார்: மத உணர்வைப் புண்படுத்தும் நோக்கத்தோடு பேசுவது. 144க்குப் புது விலாசம் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 163. ஆனால் 2024 ஜூன் மாதம் நடந்த குற்றத்துக்குப் பழைய சட்டம்தான். ஆக, இன்னும் பல வருஷங்களுக்கு நீதிமன்றங்களில் இரண்டு எண் வரிசையும் பக்கத்தில் பக்கத்தில் நடமாடும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஆய்வேடு எழுதுகிற ஒவ்வொருவரும் சின்ன அளவில் சந்திக்கிற தலைவலி இதே தலைவலிதான். இயல் 3, பகுதி 3.2, உட்பகுதி 3.2.1 என்று எண் போடுகிறோம். நடுவில் ஒரு பகுதியைச் சேர்த்தால் எல்லாம் நகர்கிறது. சொல்செயலி சில சமயம் தானே திருத்திக்கொள்கிறது, சில சமயம் கிறுக்குப் பிடித்த மாதிரி நடந்துகொள்கிறது. ஏன் என்று புரிய வேண்டுமானால் எண் என்பது என்ன வேலை செய்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

தலைப்பு எண் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, வரிசை: இது இரண்டாவது, அது மூன்றாவது. இன்னொன்று, விலாசம்: "3.2ஐப் பார்க்க" என்று சொன்னால் வாசகர் அங்கே போய்ச் சேர வேண்டும். வரிசை என்றால் புதிதாக ஒன்று நுழையும்போது மற்றவை நகர்ந்து இடம் விட வேண்டும். விலாசம் என்றால் எது வந்தாலும் போனாலும் நகரவே கூடாது. ஒரே எண்ணிடம் இரண்டையும் கேட்கிறோம். சண்டை அங்கேதான் தொடங்குகிறது.

ஓலையிலேயே இருந்த சிக்கல்

அகநானூற்றை எடுத்துக்கொள்ளுங்கள். நானூறு பாட்டு. ஒற்றைப்படை எண் வந்தால் பாலை. 2, 8இல் முடிந்தால் குறிஞ்சி. 4இல் முடிந்தால் முல்லை, 6 மருதம், பத்து, இருபது, முப்பது என்று வந்தால் நெய்தல். கூட்டிப் பார்த்தால் பாலை 200, குறிஞ்சி 80, மற்ற மூன்றும் தலா 40. அதாவது பாட்டின் கடைசி இலக்கத்தைச் சொன்னாலே திணை தெரிந்துவிடும். 236ஆம் பாட்டு என்ன திணை? மருதம். புத்தகத்தைத் திறக்கவே வேண்டாம்.

இந்தத் தொகுப்பிலிருந்து ஒரு பாட்டை உருவிவிட்டு, அடுத்து வருபவற்றை ஒவ்வொரு எண்ணாக முன்னால் நகர்த்தினால் என்ன ஆகும்? அதற்குப் பின்னால் உள்ள முல்லை எல்லாம் ஒற்றைப்படைக்குப் போய்ப் பாலை ஆகும், பாலை எல்லாம் பிற திணைகளின் எண்களில் போய் உட்காரும். எண்ணே பொருளைச் சுமக்கும்போது தானாக மறு எண்ணிடுவது பெரிய ஆபத்து.

புறநானூற்றில் அந்த ஆபத்து நிஜமாகவே வந்தது. 267, 268 ஆகிய இரண்டு பாட்டும் கிடைக்கவில்லை. 1894இல் உ.வே.சாமிநாதையர் பதிப்பித்த நூலை இன்றைக்கும் நாம் நானூறு என்றே சொல்கிறோம், 266க்கு அடுத்து 269 வருகிறது. இல்லாத பாட்டுக்கு ஒரு வெற்றிடம் காத்திருக்கிறது. பதிற்றுப்பத்தில் இன்னும் பெரிய ஓட்டை: முதல் பத்தும் பத்தாம் பத்தும் இல்லை. ஆனாலும் கையில் இருக்கும் முதல் பத்தை "இரண்டாம் பத்து" என்றுதான் அழைக்கிறோம். இன்றைய சொல்செயலியிடம் இந்த வேலையைக் கொடுத்திருந்தால் 269ஐ 267 ஆக்கி, இரண்டாம் பத்தை முதல் பத்து ஆக்கி, ஓட்டை இருந்த தடயமே இல்லாமல் பூசி மெழுகியிருக்கும்.

திருக்குறளில் வேறு மாதிரிக் கதை. பால், இயல், அதிகாரம், குறள் என்று அடுக்கு இருக்கிறது. ஆனால் அதிகார எண் ஒவ்வொரு பாலிலும் ஒன்றிலிருந்து மறுபடி தொடங்குவதில்லை. 1 முதல் 133 வரை ஒரே ஓட்டம். குறள் எண்ணும் அப்படியே 1330 வரை ஓடுகிறது. அதனால் "391" என்ற ஒரே எண் போதும்: நாற்பதாம் அதிகாரம், முதல் குறள். பாலையும் இயலையும் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. ஆனால் அந்த 391 எல்லோருக்கும் 391 ஆக இருந்ததில்லை. மணக்குடவர் உரையில் அதிகாரத்துக்குள் குறள்கள் நிற்கும் வரிசை வேறு, பரிமேலழகர் உரையில் வேறு. இன்று பேருந்திலும் பள்ளிச் சுவரிலும் நாம் பார்க்கும் எண் பரிமேலழகர் வரிசையை ஒட்டியது. தொல்காப்பியத்தில் மூன்று அதிகாரம், ஒவ்வொன்றிலும் ஒன்பது இயல் என்ற கட்டமைப்பில் யாருக்கும் சந்தேகம் இல்லை. நூற்பா எண்ணிக்கையில்தான் உரையாசிரியர்கள் வேறுபடுகிறார்கள். ஒருவர் ஒன்றாகக் கொண்டதை இன்னொருவர் இரண்டாகப் பிரித்தார். பிறகு அந்த இயலின் கடைசி வரை எண் ஒன்று கூடிக்கொண்டே போகும். ஆய்வுக் கட்டுரையில் நூற்பா எண் மட்டும் கொடுத்துவிட்டு எந்த உரை என்று சொல்லாமல் விட்டால், படிப்பவர் இடம் தெரியாமல் அலைய வேண்டியதுதான்.

அப்பா வசனம், மகன் பக்கம்

ஐரோப்பாவில் விவிலியத்தின் அதிகாரப் பிரிவுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் பெயர் ஸ்டீபன் லாங்டன். பாரிஸில் கற்பித்தவர், பிறகு கேன்டர்பரி பேராயர் ஆனவர், 1228இல் இறந்தார். புதிய ஏற்பாட்டில் இன்று நாம் காணும் வசன எண்களைப் போட்டது ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகக்காரர், 1551இல் அவர் வெளியிட்ட கிரேக்கப் பதிப்பில். அவருடைய மகன் ஆன்றி எஸ்தியேன் 1578இல் பிளேட்டோவின் நூல்களை மூன்று தொகுதிகளாக அச்சிட்டார். அந்தப் பதிப்பின் பக்க எண்ணும், பக்கத்துக்குள் போட்ட எழுத்துக் குறியும்தான் இன்று வரை பிளேட்டோவுக்கு விலாசம். எந்த மொழியில், எந்தப் பதிப்பகம் போட்டாலும் 1578ஆம் ஆண்டின் பக்க எண் ஓரத்தில் நிற்கும். அந்தப் பக்கங்களை நேரில் பார்த்தவர்கள் உலகில் சில ஆயிரம் பேர்கூட இருக்க மாட்டார்கள். ஆனாலும் விலாசம் வேலை செய்கிறது, யாரும் அதை நகர்த்தவில்லை என்பதால்.

நகர்ந்துபோனால் என்ன ஆகும் என்பதற்கும் விவிலியத்திலேயே உதாரணம் இருக்கு. எபிரேய வரிசையில் 23ஆம் சங்கீதம், கிரேக்க, லத்தீன் வரிசையில் 22. ஓர் இடத்தில் இரண்டு சங்கீதங்களை ஒன்றாக எண்ணியதால், பிறகு வருகிற பெரும்பாலானவற்றில் ஓர் எண் வித்தியாசம். எபிரேய எண்ணைப் பின்பற்றிய புத்தகத்தையும் லத்தீன் எண்ணைப் பின்பற்றிய புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துப் படிப்பவர்களுக்கு இந்தக் குழப்பம் நன்றாகத் தெரியும்.

சட்டக்காரர்கள் கண்ட வழி

நகர்த்தாமல் நுழைப்பது எப்படி என்பதற்கு இந்தியச் சட்டங்களைவிட நல்ல பாடம் கிடையாது. முதலாவது, தொடர் எண். தண்டனைச் சட்டத்தில் 23 அத்தியாயங்கள் இருந்தாலும் பிரிவு எண் 1 முதல் 511 வரை ஒரே ஓட்டம். "பதினேழாம் அத்தியாயம், இன்னதாவது பிரிவு" என்று அடுக்கிச் சொல்லும் முறையாக இருந்திருந்தால் ஃபோர் ட்வென்டி என்ற வசவே பிறந்திருக்காது.

இரண்டாவது, எழுத்து. 1983இல் கணவர் வீட்டுக் கொடுமைக்குப் புதிய பிரிவு வேண்டியிருந்தபோது 498க்குப் பக்கத்தில் 498ஏ என்று செருகினார்கள். 499 அப்படியே 499ஆக நின்றது. அரசியலமைப்பில் கல்வி உரிமை 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 21ஏ ஆக வந்தது. பஞ்சாயத்துகளுக்காக 243ஏ, 243பி என்று தொடங்கி, நகராட்சிகள் சேர்ந்து, ஆங்கில எழுத்துகள் இருபத்தாறும் தீர்ந்து, 243இசட்டி வரை போயாச்சு. பார்க்க அழகாக இல்லைதான். ஆனால் 244ஐ யாரும் தொடவில்லை.

மூன்றாவது, வெற்றிடம். 1978இன் 44ஆம் திருத்தம் சொத்துரிமையை அடிப்படை உரிமைகளிலிருந்து எடுத்தது. 31ஆம் உறுப்பு காலி. அந்த உரிமை வேறு வடிவில் 300ஏ என்ற செருகலாக வேறு இடத்தில் அமர்ந்தது. 32ஆம் உறுப்பை 31 ஆக்கவில்லை. ஆக்கியிருந்தால் 1950 முதல் உச்ச நீதிமன்றம் "உறுப்பு 32" என்று எழுதிய ஒவ்வொரு தீர்ப்பும் தப்பான கதவைத் தட்டியிருக்கும். உறுப்புகளின் மொத்த எண்ணிக்கை எங்கேயோ போய்விட்டது, ஆனால் கடைசி உறுப்பின் எண் இன்றும் 395தான். நம்ம ஊர் சம்பந்தப்பட்ட செருகலும் ஒன்று உண்டு. தமிழ்நாட்டின் 69 சதவீத இடஒதுக்கீட்டுச் சட்டம் 1994இல் ஒன்பதாவது அட்டவணைக்குள் போனது, 257ஏ என்ற எண்ணில். 257க்கும் 258க்கும் நடுவில் ஓர் எழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

தண்டனைச் சட்டத்தை 163 வருஷம் இப்படி ஒட்டுப்போட்டு ஓட்டிய பிறகு, 2023இல் புதிதாக எழுதி 1 முதல் எண் போட்டார்கள். எண் வரிசை சுத்தமாகிவிட்டது. விலை, ஒப்பீட்டு அட்டவணை இல்லாமல் பழைய தீர்ப்பைப் படிக்க முடியாத நிலை. இது சரியா தப்பா என்ற வாதம் இங்கே வேண்டாம். வரிசையைச் சரிசெய்தால் விலாசம் உடையும் என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

சீர்காழிக்காரரும் எண் ஒன்பதும்

புள்ளி வைத்து எண்ணும் முறைக்கு வருவோம். 1876இல் மெல்வில் டூயி 44 பக்கச் சிறு நூலாகத் தன் நூலக வகைப்பாட்டை வெளியிட்டார். அறிவு முழுவதையும் பத்தாக, ஒவ்வொன்றையும் பத்தாகப் பிரித்துக்கொண்டே போவது. தசம பின்னத்தின் பலம், இரண்டு எண்களுக்கு நடுவில் எப்போதும் இடம் இருக்கும். 5.1க்கும் 5.2க்கும் நடுவில் 5.11, 5.12, 5.115 என்று நுழைந்துகொண்டே போகலாம். யாரையும் நகரச் சொல்ல வேண்டாம்.

1921இல் விட்கென்ஸ்டைன் தன் 'டிராக்டாட்டஸ்' நூலின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இந்த முறையில் எண் போட்டார். ஏழு முதன்மை வாக்கியங்கள், மற்றவை அவற்றின் விளக்கங்கள், விளக்கங்களின் விளக்கங்கள். 2க்கு அடுத்து 2.1 வரும் என்று எதிர்பார்த்தால் 2.01 வந்து நிற்கும். எந்தச் சொல்செயலியின் தானியங்கி எண்ணும் அதைத் தானாகப் போட்டுத் தராது.

ஆய்வேட்டில் நாம் போடும் 3.2.1 பார்க்க இதே மாதிரி இருந்தாலும் இது தசமம் கிடையாது. இதில் புள்ளி வெறும் வேலி. 1.9க்கு அடுத்து 1.10, அதற்கு அடுத்து 1.11. தசமத்தில் 1.10 என்பது 1.1ஏதான், 1.2க்கு முன்னால் வரும். கோப்புகளுக்கு "1.1", "1.2", "1.10" என்று பெயர் வைத்தால், எழுத்து வரிசையில் அடுக்கும் மென்பொருள்கள் 1.10ஐ 1.2க்கு முன்னால் தூக்கி வைப்பது இதனால்தான். எழுத்து ஆவணங்களில் பிரிவு எண் போடுவதற்கு ஐஎஸ்ஓ 2145 என்ற சர்வதேசத் தரமே 1978இலிருந்து உண்டு. அரபு எண்கள், அடுக்குகளுக்கு நடுவில் புள்ளி, கடைசி எண்ணுக்குப் பின் புள்ளி வேண்டாம் என்பது அதன் சாரம்.

இடையில் ஒரு தமிழர் இந்தச் சிக்கலை ஆழமாக யோசித்திருக்கிறார். 1892இல் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன், கணித ஆசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். 1933இல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். டூயி முறையில் ஓர் அடுக்கில் பத்து இடம் முடிந்துவிட்டால் பதினொன்றாவது ஆளுக்கு உட்கார இடமில்லை. ரங்கநாதன் என்ன செய்தார் என்றால், 1 முதல் 8 வரை மட்டும் பொருளுக்குக் கொடுத்தார். 9ஐ எந்தப் பொருளுக்கும் கொடுக்காமல் வாசல் கதவாக வைத்தார். 8க்கு அடுத்து 91, 92 என்று 98 வரை, பிறகு 991, 992. இவை எல்லாம் 1, 2க்குச் சமமான தகுதி உள்ளவை, கீழடுக்கு கிடையாது. எத்தனை பேர் வந்தாலும் இடம் உண்டு. எண் முறையின் இந்தக் குணத்துக்கு அவர் பயன்படுத்திய ஆங்கிலச் சொல்லைத் தமிழில் சொன்னால் விருந்தோம்பல். குறளில் விருந்தோம்பல் ஒன்பதாம் அதிகாரமாக அமைந்தது தற்செயல்தான், ஆனாலும் நினைவில் வைத்துக்கொள்ள வசதியாக இருக்கு.

கணினி வந்த பிறகு

1964இல் எம்ஐடியில் ஜெரோம் சால்ட்சர் எழுதிய ரன்ஆஃப் என்ற நிரல், உரைக்கு நடுவே கட்டளைகளை வைத்துப் பக்கம் அமைத்துத் தந்தது. 1970களில் பெல் ஆய்வகத்தில் மைக் லெஸ்க் உருவாக்கிய எம்எஸ் கட்டளைத் தொகுப்பில் "எண்ணிட்ட தலைப்பு, இரண்டாம் நிலை" என்று மட்டும் சொன்னால் போதும், எண்ணை யந்திரமே போட்டுக்கொள்ளும். எழுதுபவர் நிலையைச் சொல்கிறார், எண்ணைச் சொல்வதில்லை. இன்றைய சொல்செயலிகள் அனைத்துக்கும் அடிப்படை இதுதான்.

வரிசையும் விலாசமும் வேறு என்று நடைமுறையிலேயே பிரித்துக் காட்டியவர் டக்ளஸ் எங்கல்பார்ட். 1968 டிசம்பர் 9 அன்று சான்ஃபிரான்சிஸ்கோவில் அவர் காட்டிய என்எல்எஸ் அமைப்பில் ஒவ்வொரு பத்திக்கும் 1, 1ஏ, 1ஏ1 என்ற மாதிரி எண் உண்டு. பத்தியை நகர்த்தினால் எண்ணும் மாறும். அந்த அமைப்பு வளர்ந்தபோது ஒவ்வொரு பத்திக்கும் இரண்டாவதாக ஓர் அடையாள எண்ணும் தந்தார்கள். அது பத்தி பிறந்தபோது கிடைத்தது, எங்கே தூக்கிப் போட்டாலும் மாறாது. ஒன்று வரிசைக்கு, ஒன்று விலாசத்துக்கு. எவ்வளவு எளிமை!

லெஸ்லி லாம்போர்ட் 1980களில் உருவாக்கிய லேடெக் இதையே வேறு விதமாகச் செய்தது. பகுதிக்கு நீங்கள் ஒரு பெயர் வைக்கிறீர்கள், "அந்தப் பெயருள்ள பகுதியின் எண்ணை இங்கே போடு" என்கிறீர்கள். பெயர் விலாசம், எண் வரிசை. பெயர் பொருந்தவில்லை என்றால் இரண்டு கேள்விக்குறி அச்சாகும். அது ஒரு நல்ல குணம், தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடும்.

சொல்செயலிக்குள் என்ன நடக்கிறது

1983இல் வந்த மைக்ரோசாஃப்ட் வேர்ட், இன்று தமிழ் ஆய்வேடுகள் பெரும்பாலும் எழுதப்படும் கருவி. அதில் அடுக்கு எண் ஒன்பது நிலை வரை போகும். பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது: திரையில் "3.2" என்று தெரிகிறதே, அந்த எண் கோப்பில் எங்கேயும் எழுதப்பட்டிருப்பதில்லை. "இந்தப் பத்தி இந்தப் பட்டியலைச் சேர்ந்தது, இரண்டாம் நிலை" என்ற குறிப்பு மட்டும்தான் இருக்கும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் மேலிருந்து எண்ணிக்கொண்டு வந்து எண்ணைக் காட்டுகிறது. ஆகவே எண் தப்பாக வருகிறது என்றால் வேர்ட் கணக்கைத் தப்பாகப் போட்டது என்று அர்த்தம் கிடையாது. பெரும்பாலும் யாரையோ வரிசையில் நிற்க வைக்க நாம் மறந்திருப்போம்.

எனக்குத் தெரிந்த ஓர் ஆய்வு மாணவி, ஆய்வேடு சமர்ப்பிக்க நாலு நாள் இருக்கும்போது போன் செய்தார். "சார், நாலாவது இயலுக்குள்ள போனா 4.1 வரல, 3.9னு தொடருது. கையால மாத்தினா கீழ இருக்கிறது எல்லாம் கலைஞ்சிடுது." கோப்பைப் பார்த்தால் காரணம் உடனே தெரிந்தது. முதல் மூன்று இயல்களின் தலைப்பு 'ஹெடிங் 1' பாணியில் இருந்தன. நான்காவது இயலின் தலைப்பை வேறு கோப்பிலிருந்து ஒட்டி, "இயல் 4" என்று கையால் தட்டி, எழுத்தைப் பெரிதாக்கி, தடிப்பாக்கி, நடுவில் வைத்திருந்தார். மனிதக் கண்ணுக்கு அது தலைப்பு. எண்ணிக்கொண்டு வரும் யந்திரத்துக்கு அது சாதாரணப் பத்தி. நான்காவது இயல் இன்னும் பிறக்கவே இல்லை. அதனால் 3.8க்கு அடுத்து 3.9.

இந்த மாதிரிச் சிக்கல் எல்லாவற்றையும் நாலைந்து இடத்தில் பார்த்தால் போதும்.

முதலில் இயல் தலைப்புகள். எல்லாமே 'ஹெடிங் 1' பாணியில் இருக்கிறதா என்று நேவிகேஷன் பலகத்தைத் திறந்து பாருங்கள். அதில் வராத இயல் கணக்கில் இல்லாத இயல். கையால் தட்டிய எண்ணை அழித்துவிட்டுப் பாணியைப் போடுங்கள்.

இரண்டாவது, பட்டியல் ஒன்றா பலவா என்பது. ஐந்து இயலை ஐந்து கோப்பில் எழுதி ஒட்டினால், ஐந்து பட்டியல்கள் சேர்ந்து வர வாய்ப்பு உண்டு. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், எண்ணிக்கை தனித்தனியாக ஓடும். மல்ட்டிலெவல் லிஸ்ட் பொத்தானில் 'டிஃபைன் நியூ மல்ட்டிலெவல் லிஸ்ட்' போய், 'மோர்' அழுத்தி, நிலை 1ஐ 'ஹெடிங் 1' பாணியோடும், நிலை 2ஐ 'ஹெடிங் 2' பாணியோடும் இணைத்துவிடுங்கள். பிறகு தலைப்புப் பத்தியில் நின்று எண் பொத்தானைத் தொடவே வேண்டாம், பாணியை மட்டும் போடுங்கள்.

மூன்றாவது, அதே பெட்டியில் எண் வடிவத்தைக் கவனியுங்கள். சாம்பல் நிறப் பின்னணி உள்ள எண் உயிருள்ளது, அது மாறும். சாம்பல் இல்லாமல் இருந்தால் யாரோ கையால் தட்டியது. "3." என்று தட்டியிருந்தால் எல்லா இயலிலும் 3தான் வரும்.

நான்காவது, 'ரீஸ்டார்ட் லிஸ்ட் ஆஃப்டர்'. டிக் இருந்தால் ஒவ்வொரு இயலிலும் உட்பகுதி ஒன்றிலிருந்து தொடங்கும். டிக் எடுத்தால் திருக்குறள் அதிகாரம் மாதிரி, தண்டனைச் சட்டப் பிரிவு மாதிரி, கடைசி வரை ஓடும். இயல் எண்ணை ரோமன் எண்ணில் போட்டு, உட்பகுதியில் மட்டும் 4.1 என்று வேண்டுமானால் 'லீகல் ஸ்டைல் நம்பரிங்' என்ற டிக்கை உட்பகுதி நிலையில் போட வேண்டும்.

ஐந்தாவதுதான் முக்கியம். "பார்க்க: 3.2" என்று எண்ணைக் கையால் தட்டாதீர்கள். 'கிராஸ்-ரெஃபரன்ஸ்' வழியாகச் செருகுங்கள். பிரதியை அனுப்பும் முன் கண்ட்ரோல்-ஏ, எஃப்9 அழுத்தினால் குறிப்புகள் புதுப்பிக்கப்படும். புதுப்பித்ததோடு விடாமல் ஒருமுறை தேடியும் பாருங்கள். சுட்டிய தலைப்பு அழிந்திருந்தால் "எரர்! ரெஃபரன்ஸ் சோர்ஸ் நாட் ஃபவுண்ட்" என்று நடுப்பக்கத்தில் வந்து நிற்கும். அந்த வாக்கியத்தோடு பைண்டிங் ஆகி நூலகத்தில் உறங்கும் ஆய்வேடுகள் உண்டு.

அந்த மாணவிக்கு மொத்தம் அரை மணி நேர வேலைதான் இருந்தது. ஆனால் அதற்கு முன்னால் இரண்டு ராத்திரி எண்களைக் கையால் மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறார். தமிழ்த்துறைகளில் ஐந்து வருஷ உழைப்பின் கடைசி வாரம் பல பேருக்கு இப்படித்தான் கழிகிறது. யாரும் இதைப் பாடமாகச் சொல்லித் தருவதில்லை.

இன்னொரு ஆதங்கம். அ, ஆ, இ, ஈ என்று பின்னிணைப்புக்கு எண் போட வேண்டும், அல்லது ௧, ௨, ௩ என்று போட வேண்டும் என்றால்? வேர்டின் கோப்பு வடிவம் 2006இல் தரமாக்கப்பட்டபோது எண் வடிவங்களின் பட்டியலில் இந்தி உயிரெழுத்து இருக்கிறது, தாய் எழுத்து இருக்கிறது, எபிரேயம் இருக்கிறது. தமிழ் இல்லை. இணையப் பக்கங்களுக்கான சிஎஸ்எஸ் முறையிலோ தமிழ் எண்ணுக்குப் பெயரே உண்டு, சொன்னால் ௧, ௨ என்று அழகாகப் போட்டுத் தரும். ஆய்வேட்டின் பின்னிணைப்புக்கு மட்டும் இன்றும் "பின்னிணைப்பு அ" என்று கையால் தட்ட வேண்டியிருக்கிறது. தட்டினால் தானாக நகராது என்பது நினைவிருக்கட்டும்.

எழுதும்போது, வெளியிட்ட பிறகு

எழுதிக்கொண்டிருக்கும் வரை எண் வெறும் வரிசைதான். முழுக்க யந்திரத்திடம் விட்டுவிடுங்கள், ஓர் எண்ணைக்கூடக் கையால் தொடாதீர்கள். நெறியாளரிடம் பேசும்போதுகூட "3.2" என்று சொல்லாமல் தலைப்பின் பெயரைச் சொல்லுங்கள், அடுத்த வாரம் அது 3.4 ஆகியிருக்கும்.

சமர்ப்பித்த அன்று எண் விலாசமாக மாறிவிடுகிறது. இனிமேல் யாரோ ஒருவர் தன் அடிக்குறிப்பில் உங்கள் ஆய்வேட்டின் 3.2ஐச் சுட்டுவார். அதனால் பிடிஎஃப் ஆக்கி உறைய வையுங்கள். பின்னால் அதையே புத்தகமாகப் போடும்போது ஒரு பகுதியைச் சேர்க்க வேண்டுமானால் 3.2அ என்று செருகுங்கள். ஒரு பகுதியை நீக்கினால் எண்ணைக் காலியாக விட்டு "இப்பகுதி நீக்கப்பட்டது" என்று ஒரு வரி எழுதுங்கள். அழகாக இருக்காது என்று பதிப்பாளர் சொல்வார். புறநானூற்றின் 267ஐயும் அரசியலமைப்பின் 31ஐயும் அவருக்குக் காட்டுங்கள்.

மொத்தமாக மாற்றி எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் அதுவும் செய்யலாம். அப்போது கடைசிப் பக்கத்தில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு கட்ட அட்டவணை ஒன்று போட்டுவிடுங்கள். ஒரு மணி நேர வேலைதான். உங்களைப் படித்துவிட்டு எழுதப்போகிறவருக்கு அது ஒரு மாத அலைச்சலை மிச்சப்படுத்தும்.